உலையும் உழைப்பும்: கிண்ணியாவின் அடுக்களை பற்றிய சில சமூகவியற் குறிப்புகள்

தமிழ் பேசும் மக்களின் உணவு குறித்து இதுகாறும் எழுதப்பட்டவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, விழாக்களிற் படைக்கப்படுவனவும் விருந்திற் பரிமாறப்படுவனவுமே பெரிதும் ஆராயப்பட்டுள்ளமை புலனாகும். பொங்கற் பானையும், கந்தூரிச் சோறும், மணவீட்டுச் சஹனும் பண்பாட்டுச் சின்னங்களாகக் கொள்ளப்படுகின்றன. ஆண்டின் எஞ்சிய நாட்களெல்லாம், எவ்விதச் சிறப்புமின்றி விடியற்காலையில் மூட்டப்பட்டு இரவில் அவிக்கப்படும் அடுப்பு ஆய்வாளரின் கண்ணிற் படுவது அரிது. இப்புறக்கணிப்புத் தற்செயலானதன்று. விழாவுணவு சமூகத்தின் கண்முன்னே ஆக்கப்படுவது. அதனை ஆக்குவோர் பெரும்பாலும் ஆண்கள். அவர்களுக்குக் கூலியும் உண்டு, பெயரும் உண்டு. அன்றாடச் சோறு வீட்டின் பின்புறத்தே பெண்களால் ஆக்கப்படுவது, அதற்குக் கூலியில்லை, அது தொழில் என்றே கொள்ளப்படுவதில்லை. சமூகம் எதனை உழைப்பென ஏற்கவில்லையோ அதனை ஆய்வும் பொருளென ஏற்கவில்லை.

மனிதன் உண்டுடுத்து உயிர்வாழ்வதற்கு வேண்டியவற்றின் உற்பத்தி, மனிதரையே ஆக்கிப் பேணும் மறுவுற்பத்தி ஆகிய இரண்டுமே வரலாற்றைத் தீர்மானிக்கின்றன என 1884இல் எங்கெல்ஸ் குடும்பத்தின் தோற்றம் பற்றிய தமது நூலின் முன்னுரையிற் குறிப்பிட்டார். எமது மார்க்சிய ஆய்வாளர் முதலாவதை விரிவாகப் பேசினர். இரண்டாவதைப் பெரும்பாலும் ஓர் அடைமொழியோடு கடந்து சென்றனர். இவ்விரண்டும் ஒன்றையொன்று தொடுமிடம் அடுப்படியே என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. சந்தையின் விலையும், அரசின் கொள்கையும், வெளிநாட்டுக் கடனும் ஒரு குடும்பத்தின் உடம்பிற் சேர்வது சோற்றுக் கோப்பையின் வழியாகவேயாகும். அவ்வழியில் ஏற்படும் ஒவ்வொரு நட்டத்தையும் ஈடுசெய்வது ஒரு பெண்ணின் கூலியற்ற உழைப்பு. இதனைத் திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவை முன்வைத்து நோக்கலாம்.

கிண்ணியா திருகோணமலை நகருக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவிலிருந்து தம்பலகாமக் குடாவுக்குள் கடல்நீர் புகும் வாயிலின் தென்கரையில் அமைந்தது. முஸ்லிம்களே பெரும்பான்மையினர்; ஆலங்கேணி, ஈச்சந்தீவு முதலிய தமிழூர்களும் அயலில் உள்ளன. வயல், கடல், மாடு, காடு என்னும் நான்கையும் நம்பிய ஊர் இது. நெல் விளைகிறது, கடலும் களப்பும் மீனும் இறாலும் நண்டும் தருகின்றன, எருமைத் தயிருக்கு ஊர் பெயர் பெற்றது, விறகு வெட்டி விற்றுச் சீவித்த குடும்பங்களும் பல. 2009ஆம் ஆண்டு ஒக்டோபரிற் பாலம் திறக்கப்படும்வரை திருகோணமலைக்குச் செல்வோர் நீர்வாயை மிதவையிலேயே கடந்தனர். கிழக்கிலங்கை மக்கள் இம்மிதவையைப் 'பாதை' என்பர். நீரின்மேல் நகரும் ஒன்றுக்கு நிலத்தின்மேற் கிடக்கும் ஒன்றின் பெயரை இட்டு வழங்கிய இவ்வழக்கு தனியே ஆராயத்தக்கது.

பாலம் வந்ததனால் நோயாளர் விரைவில் மருத்துவமனை சென்றனர், மாணவர் பயன்பெற்றனர், இவற்றை மறுப்பாரிலர். ஆயின் பாதை எளிதாகுந்தோறும் நல்ல பண்டம் ஊரைவிட்டு வெளியேறுவதும் எளிதாகும். பாரையும் அறக்குளாவும் பெரிய இறாலும் பணமுள்ள சந்தையை நோக்கிச் செல்வன. கீரியும் சூடையும் சாளையுமே உழைப்பவர் வீட்டுச் சட்டிக்கு எஞ்சுவன. தயிரும் அத்தகையதே. உற்பத்தி செய்வோன் தன் உற்பத்தியின் சிறந்த பகுதியை உண்ணான் என்னும் பொதுவிதியைக் கிண்ணியாவிற் காண விரும்புவோர் மீன் விற்பவரின் வீட்டுக் குசினியை எட்டிப் பார்த்தாற் போதுமானது.

'குசினி' என்ற சொல்லும் கவனிக்கத்தக்கது. போர்த்துக்கேய மொழியிலிருந்து ஈழத்துத் தமிழுக்கு வந்தது அது. 'பாண்' என்பதும், சோறுண்ணும் 'கோப்பை' என்பதும் அவ்வாறு வந்தனவே. சம்பல் மலாய் மொழியினது. சஹன் அரபு வழி வந்தது. ரொட்டி வட இந்திய வழி வந்தது. போர்த்துக்கேயர் திருகோணமலையிற் கோட்டை கட்டியது 1624இல். அக்கோட்டை பின்னர் கைமாறிக் கைமாறி இறுதியில் ஆங்கிலேயர் வசமாயிற்று. போர்த்துக்கேயரின் சொல்லோ இன்றும் வீட்டின் பின்கட்டிலே குடியிருக்கிறது. இவற்றுக்கிடையே உலை, அடுப்பு, சட்டி, அகப்பை, சுளகு, அம்மி, உரல் என்பன மாறாது தமிழாய் நிற்றல் நோக்கத்தக்கது. பண்டமும் பாத்திரமும் வணிகனோடும் ஆட்சியாளனோடும் வந்தன. உழைப்புக் கருவிகள் இருந்தவாறே இருந்தன. முஸ்லிம்களின் பேச்சில் வழங்கும் ஆணம் என்னும் சொல்லும், அதன் வழிப்பட்ட பாலாணம், புளியாணம் என்பனவும் இவ்வகையில் விரிவாகத் தொகுக்கப்பட வேண்டியவை.

இலக்கியம் அடுக்களையை எவ்வாறு கண்டது? தமிழிற் சமைக்கும் பெண்ணைப் பற்றிய புகழ்பெற்ற சித்திரம் குறுந்தொகையின் 167ஆம் செய்யுள். கூடலூர் கிழார் பாடியது. புதிதாய் இல்லறம் புகுந்தவள் தயிரைப் பிசைந்த கையோடு, தாளிப்புப் புகை கண்ணை உறுத்தத் தானே முயன்று குழம்பாக்குகிறாள். கணவன் சுவைத்துப் பாராட்டியுண்ண, அவள் முகத்தில் மெல்லிய மகிழ்ச்சி தோன்றுகிறது. இதனைக் கண்டுவந்து சொல்பவள் செவிலி. இச்செய்யுளின் நயத்தை வியவாத உரையாசிரியர் இல்லை. அவள் எப்போது உண்டாள், உண்பதற்கு என்ன எஞ்சியது என்று கேட்ட உரையாசிரியரும் இல்லை. புறநானூற்றின் 164ஆம் செய்யுளில் பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் கூறுவது பிறிதோர் அடுப்பு. சமைத்தலை மறந்து காளான் பூத்த அடுப்பு. பாலற்ற மார்பைச் சுவைத்து அழும் குழந்தை. முன்னையது அகம், பின்னையது புறம் எனத் திணை பிரித்து வைத்தமையால், இரண்டிலும் ஒரே பெண்ணே நிற்கிறாள் என்பதை நாம் காணத் தவறிவிட்டோம். அடுப்பு எரிந்தால் அவள் உழைப்பு அன்பாகிறது. எரியாவிடின் அவள் பசி புலவனின் விண்ணப்பத்துக்குச் சான்றாகிறது.

கொட்டியாரக் குடாவின் வாழ்வை நவீன இலக்கியத்திற் பதித்தவர்களுள் மூதூரைச் சேர்ந்த வ. அ. இராசரத்தினம் முதன்மையானவர். அவரது 'தோணி' உழைப்புக் கருவியின் உடைமை மனித உறவுகளைத் தீர்மானிப்பதைக் கூறும் சிறந்த கதை. தோணி யாருடையது என்ற வினாவை எமது முற்போக்கு இலக்கியம் துணிவோடு எழுப்பியது. அம்மியையும் உரலையும் பற்றி அத்தகைய வினா எழவில்லை. அவை பெண்ணுடையவை என்பதில் எவருக்கும் ஐயமிருக்கவில்லை போலும்.

இனி அவ்வுழைப்பின் தன்மையைச் சற்று நெருங்கி நோக்குவோம். ஒரு நேரச் சோறும் மீன் ஆணமும் கீரைச் சுண்டலும் என்று சொல்வது எளிது. நெல்லை அவித்து, காயவைத்து, குற்றி, புடைத்து அரிசியாக்குதல் ஒரு காலத்தில் வீட்டுக்குள்ளேயே நிகழ்ந்தது. பின்னர் அது ஆலைக்குச் சென்றது. ஆலை வந்ததாற் பெண்ணின் தோள்வலி குறைந்தது உண்மை. நெற்குற்றிக் கூலியாகப் பெற்ற அரிசியை நம்பியிருந்த ஏழைப் பெண்கள் அவ்வருவாயை இழந்ததும் உண்மை. அரிசியிற் கல் பொறுக்கி, கழுவி, அரித்து உலையிலிட வேண்டும். தேங்காய் துருவி முதற்பால், இரண்டாம் பால் எனப் பிழிய வேண்டும். முதற்பாலை இறுதியிலேயே சேர்க்க வேண்டும், முந்தினால் திரையும். கொச்சிக்காயும் மல்லியும் அம்மியிற் பட்டாக அரைபட வேண்டும். சிறுமீனாயின் ஒவ்வொன்றையும் செதில் நீக்கிக் குடல் களைய வேண்டும். மலிவான மீன் என்பது அதிக வேலையுள்ள மீன் என்பதைச் சந்தைக் கணக்குக் காட்டுவதில்லை. ஒரு பாரைத் துண்டை ஆய்வதற்கும் ஒரு கோப்பைச் சூடையை ஆய்வதற்கும் உள்ள வேறுபாடு அதனை ஆய்ந்தவளுக்கே தெரியும். வறுமை பணத்தை மட்டுமன்றி நேரத்தையும் தின்னும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. முருங்கை இலையை உருவுதல், விறகு சேர்த்தல், ஊதி எரித்தல், நீர் சுமத்தல், பாத்திரம் விளக்குதல் ஆகியவற்றை இதனோடு கூட்டிக்கொள்க.

நோன்பு மாதத்தில் இவ்வுழைப்பு இருமடங்காகும். வைகறைக்கு முன் ஸஹருக்கும், மாலையில் நோன்பு திறத்தற்கும் உணவு ஆயத்தமாக வேண்டும். சமைப்பவளும் நோன்பாளியே. சுவைத்துப் பார்க்காமலே, கொதியின் மணத்தையும் கைப்பழக்கத்தையும் கொண்டு உப்பின் அளவை அறியும் திறன் எத்தனையாண்டுப் பயிற்சியின் பயன் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஓர் ஆண் தச்சனிடத்தோ கொல்லனிடத்தோ இதனையொத்த திறன் காணப்படின் அதனை நுண்தொழில் என்போம்.

தேசிய வருமானக் கணக்கீட்டு முறை இவ்விடயத்தில் வேடிக்கையான ஓர் எல்லைக்கோட்டை இட்டுள்ளது. 1993இல் ஐக்கிய நாடுகள் உள்ளிட்ட நிறுவனங்கள் திருத்தியமைத்த முறையின்படி, வீட்டுத் தேவைக்கென நெல் விளைவித்தல், அதனைக் குற்றுதல், விறகு சேர்த்தல், நீர் கொணர்தல் ஆகியன உற்பத்தி. அவ்வரிசியை அவ்விறகினால் அந்நீரிற் சோறாக்குதல் உற்பத்தியன்று. அதாவது கிண்ணியாப் பெண் அடுப்படியின் வாசலைத் தாண்டும்வரை நாட்டின் பொருளாதாரத்தில் அடங்கியவள். உள்ளே காலெடுத்து வைத்ததும் அதிலிருந்து நீங்கிவிடுகிறாள். நியூசிலாந்தைச் சேர்ந்த மரிலின் வாரிங் இம்முறையின் முரண்பாடுகளை 1988இலேயே நூலாக எழுதியிருந்தார். இலங்கையின் குடித்தொகை மதிப்பீட்டுத் திணைக்களம் நேரப் பயன்பாடு பற்றிய முதலாவது தேசிய ஆய்வை 2017இலேயே நடத்தியது. மார்க்சும் மூலதனத்தின் முதற்தொகுதியில், தொழிலாளி உண்பது முதலாளிக்குத் தேவையான உழைப்புச் சக்தியை மீண்டும் ஆக்குவதே என விளக்கினார். ஆயின் கடையில் வாங்கிய மாவுக்கும் தொழிலாளி விழுங்கிய கவளத்துக்கும் இடையே நின்ற பெண் அக்கணக்கில் இடம்பெறவில்லை.

இவ்வுழைப்பைக் கணக்கில் எடுத்தால் இலங்கையின் அரிசி அரசியலும் வேறுவிதமாகத் தோன்றும். இரண்டாம் உலகப் போரின்போது 1942இற் பங்கீட்டு முறை வந்தது. கூப்பன் அரிசி ஏழைக் குடும்பத்தின் ஆதாரமாயிற்று. 1953இல் கொத்தரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டதும், ஓகஸ்ட் 12ஆந் திகதி இடதுசாரிகளின் தலைமையில் ஹர்த்தால் வெடித்ததும், ஒக்டோபரில் டட்லி சேனாநாயக்க பதவி துறந்ததும் யாவரும் அறிந்தவை. 1966இற் பங்கீடு இரண்டு கொத்திலிருந்து ஒன்றாக்கப்பட்டது. 1970 தேர்தலில் அதனை மீட்டுத் தருவதாகக் கூறிய ஐக்கிய முன்னணி பெருவெற்றி பெற்றது. மூன்றாண்டுகளுள், எண்ணெய் விலையும் உலகத் தானிய விலையும் ஏறிய வேளையில், இடதுசாரிகளும் பங்கேற்ற அதே அரசே பங்கீட்டைக் குறைத்தது. அரிசியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசெல்வதும் கட்டுப்படுத்தப்பட்டது. மரவள்ளியை உண்ணுமாறு மக்கள் வலியுறுத்தப்பட்டனர். 1973, 1974ஆம் ஆண்டுகளில் மலையகத் தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. 1977இன் பின் வந்த அரசு 1978இல் மானியத்தை வருமானம் குறைந்தோருக்கென மட்டுப்படுத்தி, 1979இல் உணவு முத்திரையாக மாற்றியது. முத்திரையில் அச்சிட்ட தொகை மாறாதிருக்க, விலைகள் ஏறின. அரசு தான் குறைத்ததாகச் சொல்லாமலே மானியம் குறைந்தது.

இவ்வரலாற்றை நாம் விலையின் வரலாறாகவே எழுதியுள்ளோம். உண்மையில் இது அரிசியிலிருந்து மாவுக்கு மாறிய அடுப்பின் வரலாறுமாகும். அமெரிக்க உணவுக் கடன் திட்டத்தின் கீழ் வந்திறங்கிய கோதுமை மாவை ஈழத்துத் தமிழர் 'அமெரிக்கன் மா' என்றே அழைத்தனர். அரசறிவியல் நூல் எதுவும் இதனைவிடச் சுருக்கமாக அவ்வுறவை விளக்கியதில்லை. சிங்கப்பூரைச் சேர்ந்த பிரிமா நிறுவனம் சீனன்குடாவில் அமைத்த பெரும் மாவாலை 1980இல் இயங்கத் தொடங்கியது. கிண்ணியாவிலிருந்து குடாவைக் கடந்தாற் சீனன்குடா. நெல் விளையும் ஓர் ஊரின் அண்மையிலேயே, இந்நாட்டில் விளையாத தானியத்தைக் கப்பலில் ஏற்றிவந்து அரைத்து நாடெங்கும் அனுப்பும் ஆலை எழுந்தது. ஆழ்கடற் கப்பல்கள் நெருங்கத்தக்க துறைமுகத்தின் இயற்கை வளமே இதற்கு உதவியது என்பது வரலாற்றின் முரண்நகை.

மா வென்றதற்கு அதன் விலை மட்டுமே காரணமெனக் கூறுவது முழு உண்மையன்று. அரிசி மாவுக்கு அரிசியை ஊறவைத்து, இடித்து, அரித்து, வறுக்க வேண்டும். கோதுமை மா ஆலையிலிருந்தே மாவாக வந்தது. சோற்றுக்கு ஆணமும் சுண்டலும் வேண்டும். ரொட்டிக்கு ஒரு பிடி தேங்காய்ப் பூவும் சம்பலும் போதும். பாணுக்கு அடுப்பே வேண்டாம். விடியுமுன் வயலுக்கோ கடலுக்கோ செல்பவனுக்கும், பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கும் ஒருசேர உணவளிக்க வேண்டிய பெண்ணுக்கு இது விடுதலை போலவே தோன்றியிருக்கும். பாணையும் ரொட்டியையும் அந்நிய மோகம் என இகழ்ந்து, குரக்கனுக்கும் கைக்குத்தரிசிக்கும் மீளுமாறு மேடைகளில் அறிவுரை கூறுவோர் அக்கைக்குத்தைக் குத்தும் கை எவருடையது என்பதையும் உடன் கூறுவது நன்று. மேலும், அவ்விடுதலையும் முழுமையானதாக இருக்கவில்லை. குடும்பம் பிட்டும் இடியப்பமும் கேட்டது. கோதுமை மாவை அப்படியே குழைத்தாற் பசையாகிவிடும்; ஆகவே பெண்கள் அதனைத் துணியிற் கட்டி ஆவியில் அவித்து, கட்டி உடைத்து, சூட்டோடு அரித்து, அரிசி மாவைப் போல நடக்கப் பழக்கினர். அந்நிய மாவைச் சுதேசிப் பிட்டாக்கிய இக்கண்டுபிடிப்பு எந்த ஆய்வுகூடத்திலும் நிகழ்ந்ததன்று; கண்டுபிடித்தவளின் பெயரும் எங்கும் பதியப்படவில்லை.

உண்ணும் ஒழுங்கும் ஓர் உறவுமுறையே. விருந்தினரும் வீட்டு ஆண்களும் முதலில், பிள்ளைகள் அடுத்து, சமைத்தவள் கடைசியில். இவ்வொழுங்கு முஸ்லிம்களுக்கோ கிழக்கிலங்கைக்கோ மட்டும் உரியதன்று. ஆலங்கேணியின் தமிழ் வீட்டிலும், யாழ்ப்பாணத்திலும், தஞ்சாவூரிலும் ஏறத்தாழ இதுவே வழக்கு. ஆணம் வற்றிய மண்சட்டியிற் சோற்றைப் போட்டுப் பிரட்டி உண்ணும் சட்டிச் சோற்றின் சுவை பற்றி நம்மவர் உருக்கமாக எழுதுவதுண்டு. அதன் சுவையை நானும் மறுக்கவில்லை. ஆயின் சட்டியை வழித்துண்ணும் நிலை, சட்டியில் மீன் எஞ்சாதபோது உண்டாவது. பற்றாக்குறைக்குச் சூட்டப்பட்ட அழகிய பெயர்களுள் அதுவும் ஒன்று.

கிழக்கிலங்கைக்குச் சிறப்பாக உரிய ஒரு கூறும் இங்கு உண்டு. இப்பிரதேசத்து முஸ்லிம்களிடையேயும் தமிழரிடையேயும் வீடு பெரும்பாலும் பெண்பிள்ளைக்கே சீதனமாக அளிக்கப்படுகிறது. மணமகன் மனைவியின் வீட்டில் வந்து குடியேறுகிறான். ஆகவே அடுப்படியில் அருகருகே நிற்போர் மாமியும் மருமகளுமல்லர். தாயும் மகளும், பல வேளைகளிற் சகோதரிகளும் ஆவர். தமிழகத்துப் புனைகதைகளில் நிறைந்துள்ள மாமியார் அடுக்களையை இங்கே தேடுவோர் ஏமாறுவர். பெண்ணுக்கு இது பாதுகாப்பளிக்கிறது; மணமுறிவின்போது தெருவில் நிற்கும் நிலை நேராது. இதனைத் தாய்வழிச் சமூகத்தின் எச்சமெனக் கூறி மகிழ்வோர் உளர். ஆனால் அடுப்பின் மேலுள்ள கூரை பெண்ணுடையதாயிருந்தும், அவ்வடுப்பில் ஏறும் அரிசியை வாங்கும் பணம் அவளுடையதாக இருப்பதில்லை. உடைமை இருந்தும் அதிகாரம் இல்லை. மறுபுறம், அவ்வீட்டைக் கட்டிக் கொடுத்தாலன்றி மகளுக்குத் திருமணமில்லை என்ற சுமை ஏழைக் குடும்பத்தை அழுத்துகிறது.

எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்களாகச் சென்றோரை இப்பின்னணியிலேயே நோக்க வேண்டும். திருகோணமலை மாவட்டத்து ஏழை முஸ்லிம் பெண்கள் பலர் இவ்வழியே சென்றனர். போர்க்காலத்திற் கடற்றொழிலுக்குத் தடைகள் இருந்தன. வயலுக்கும் காட்டுக்கும் செல்வது அச்சத்துக்குரியதாயிற்று. 2004 ஆழிப்பேரலை எஞ்சியதையும் அள்ளிச் சென்றது. தன் வீட்டில் ஆயுள் முழுதும் கூலியின்றிச் செய்த அதே வேலைக்கு, பிறர் வீட்டில், பிற மொழியில், மாதச் சம்பளம் கிடைத்தது. சமையல் உழைப்பே என்பதை நிறுவியது எமது கோட்பாட்டு நூல்களல்ல. வளைகுடா நாடுகளின் தொழிற்சந்தை. மகளுக்கு ஒரு குசினியோடு கூடிய வீடு கட்டுவதற்காகத் தாய் இன்னொருத்தியின் குசினியில் ஆண்டுக்கணக்கில் நிற்கிறாள். அவள் விட்டுச்சென்ற அடுப்பைக் கணவன் ஏற்பது குறைவு. ஏற்பவள் பாட்டி, அல்லது பள்ளிப் படிப்பை நிறுத்திக்கொண்ட மூத்த பெண்பிள்ளை.

கிண்ணியாவுக்கு அயலூரான மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் 2005இற் சவூதி அரேபியாவுக்குச் சென்றார். கடவுச்சீட்டில் வயது கூட்டிக் காட்டப்பட்டிருந்தது. உண்மையில் அவருக்கு அப்போது வயது பதினேழு. வீட்டு வேலைக்கெனச் சென்றவரிடம் கைக்குழந்தையும் ஒப்படைக்கப்பட்டது. புட்டிப் பால் ஊட்டும்போது குழந்தைக்குப் புரையேறியது என்றார் அவர், கொலையென்றது வழக்கு. 2007இல் மரணதண்டனை விதிக்கப்பட்டு, 2013 சனவரி 9ஆந் திகதி அது நிறைவேற்றப்பட்டது. அதே ஆண்டில் இலங்கை அரசு, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையுள்ள தாய்மார் வெளிநாட்டு வீட்டு வேலைக்குச் செல்வதைத் தடுக்கும் குடும்பப் பின்னணி அறிக்கை முறையை நடைமுறைப்படுத்தியது. தந்தையிடம் அத்தகைய அறிக்கை கோரப்படவில்லை. பிள்ளைக்குச் சோறூட்டுவது தாயின் கடமை என்பது அவ்விதியின் உட்பொருள். 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது அக்கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன. ஒன்பதாண்டுகளுக்குள் தாய்மையின் கடமை மாறிவிடவில்லை. திறைசேரியின் தேவை மாறியது.

அவ்வாண்டின் நெருக்கடி அடுப்படியில் எவ்வாறு உணரப்பட்டது என்பது தனிக் கட்டுரைக்குரியது. முந்திய ஆண்டில் இரசாயன உரத்துக்கு விதிக்கப்பட்ட தடை நெல் விளைச்சலைக் குன்றச் செய்திருந்தது. 2022 செப்தெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியது. எரிவாயு கிடைக்காமையால் விறகடுப்பை மறந்திருந்த வீடுகள் அதற்கு மீண்டன. பின்தங்கிய நாட்டில் தொழில்நுட்பம் பின்னோக்கியும் செல்லும். அவ்வாறு பின்செல்கையில் ஏற்படும் மேலதிக மணித்தியாலங்கள் எவருடைய நாளிலிருந்து எடுக்கப்படுகின்றன என்பது இப்போது வெளிப்படை.

வீட்டு வேலையிலிருந்து பெண்ணை விடுவிப்பதற்குப் பொதுச் சமையற்கூடங்களும் குழந்தைக் காப்பகங்களும் வேண்டுமென 1919இல் லெனின் எழுதினார். 1972இல் மரியரோசா டல்லா கொஸ்ட்டா, செல்மா ஜேம்ஸ் ஆகியோரின் நூலையொட்டி வீட்டு வேலைக்குக் கூலி கோரும் இயக்கம் மேற்கில் எழுந்தது. கூலி கொடுத்து அதே பெண்ணை அதே அடுப்படியில் நிறுத்துவதைக் காட்டிலும் முன்னையதே சரியான திசை என்பது என் கருத்து. பொதுச் சமையல் எமது மக்களுக்கு அந்நியமானது எனக் கூறுவோர் நோன்பு மாதத்துப் பள்ளிவாசலை நினைவிற் கொள்க. அங்கே பெருங் கிடாரத்திற் கஞ்சி காய்ச்சப்படுகிறது; காய்ச்சுவோர் ஆண்கள்; செலவை ஊர் ஏற்கிறது; பிள்ளைகள் பாத்திரமேந்தி வந்து வீட்டுக்கு வாங்கிச் செல்கின்றனர். ஒரு மாதத்துக்கு இயலும் ஒன்று ஏனைய பதினொரு மாதங்களுக்கு இயலாதென்பதற்கு மார்க்கத்திலும் தடையில்லை, சமையற் கலையிலும் தடையில்லை.

அரசு நடத்தும் பாடசாலை உணவுத் திட்டமும் இத்திசையில் வைக்கப்பட்ட அடி எனலாம். குறைகளோடு கூடிய அடி. ஊர்ப் பெண்கள், பல இடங்களில் அப்பிள்ளைகளின் தாய்மாரே, தம் வீட்டு அடுப்பிற் சமைத்துப் பாடசாலைக்குக் கொணர்கின்றனர். ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்ற அடிப்படையில் அவர்களுக்குப் பணம் தரப்படுகிறது. அரிசி, முட்டை, மரக்கறி, தேங்காய், விறகு ஆகியவற்றின் விலையெல்லாம் அத்தொகைக்குள் அடங்கவேண்டும்.  பொருட்செலவு போக எஞ்சினால் அதுவே கூலி. விலை ஏறிய மாதங்களில் ஒன்றும் எஞ்சுவதில்லை. அம்மாதங்களிலும் பாடசாலை மணி அடிக்கும் வேளைக்குச் சோறு வந்து சேர வேண்டும்.